கோபாலசாமி படித்து வாங்கிய வீடு

அமெரிக்காவில் வீடு வாங்கிய தமிழர்கள் பல்லாயிரம் பேர். அவர்களில், தான் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கியவர் கோபாலசாமி ஒருவர்தான். இது வேறு யாரோ சொன்னதல்ல, கோபாலசாமியே சொன்னது. மான்மவுத் ஜங்ஷனில் நடந்த கிரகப்பிரவேசங்களில் சொன்னார், வளைகாப்புகளில் சொன்னார், ஒருமுறை துக்க வீட்டிலும் சொன்னார். துக்க வீட்டில் சொன்னதற்குக் காரணம் இருந்தது. இறந்தவர் தன் உயிலைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று அவருக்கு ஒரு சந்தேகம்.

கோபாலசாமி படிக்காமல் விட்ட காகிதம் கிடையாது. பார்க்கிங் சீட்டின் பின்பக்கத்தை வண்டியை நிறுத்துவதற்கு முன் படிப்பார். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடித்தால், பாவம் படிக்காதவர்கள் என்று விட்டுவிடுவார். மகள் அனன்யாவுக்கு ஆறு வயதாக இருந்தபோது டிராம்பலின் பார்க்கில் யாருக்கோ பிறந்தநாள். கை கால் உடைந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்று வாசலில் ஒரு காகிதம் நீட்டினார்கள். மற்ற அப்பாக்கள் கையெழுத்துப் போட்டார்கள், குழந்தைகள் உள்ளே போய்க் குதித்தன. கோபாலசாமி பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். அனன்யா அங்கே கொடுத்த ஆரஞ்சு சாக்ஸை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் எட்டாவது ஷரத்துக்கு வந்தபோது உள்ளே கேக் வெட்டிக் கை தட்டினார்கள்.

"பாத்தியா, உனக்கு ஒரு அடி கூடப் படல" என்று சொல்லி அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

உலகத்தில் மீதிப் பேரை அவர் ஸ்டிக்கர் கோஷ்டி என்பார். வக்கீல் ஆபீஸில், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி அம்பு ஒட்டி வைத்திருப்பார்கள் இல்லையா, அந்த அம்பை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள். "அவங்க பத்திரத்துல கையெழுத்துப் போடறதில்ல. ஸ்டிக்கருக்கு ஆட்டோகிராஃப் போடறாங்க." தமிழ்ச் சங்கத்தில் இதையே தலைப்பாக வைத்து ஜூமில் பேசினார். பதினாலு பேர் வந்தார்கள். பேசுவதற்கு முன் ஜூமின் விதிமுறைகளைப் படித்துவிட்டு வந்ததாகச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினார்.

ஸ்டிக்கர் கோஷ்டிக்கு அவர் எப்போதும் காட்டும் உதாரணம் பக்கத்து வீட்டு டாக்டர் கருப்பசாமி.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் இருவரும் ஒரே நாளில் வீடு வாங்கினார்கள். பில்டர் புதிதாகக் கட்டிய காலனி. தெரு வளைந்து முடிகிற இடத்தில் அடுத்தடுத்து இரண்டு மனை. ஒன்றில் வரப்போகிற வாசல் தெற்கே பார்க்கும், அது கோபாலசாமிக்கு. இன்னொன்று கிழக்கே, அது கருப்பசாமிக்கு. அட்வான்ஸ் கொடுத்து ஒரு மாதம் ஆன பிறகுதான், வாசல் எந்தப் பக்கம் என்று பொள்ளாச்சியிலிருந்து மாமனார் ஃபோனில் கேட்டார். தெற்கு என்று தெரிந்த அன்றைக்கு மனைவி நாகலக்ஷ்மி சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. கோபாலசாமிக்கு வாஸ்துவில் நம்பிக்கை கிடையாது. ஆனால் நாகலக்ஷ்மி சொன்னால் சொன்னபடி சாப்பிடாமல் இருப்பாள் என்பதில் முழு நம்பிக்கை உண்டு. மழைத் தண்ணீர் வடிவது அந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாமா என்று கருப்பசாமியை ஃபோனில் கேட்டார்.

"வாஸ்துவா சார்?" என்றார் கருப்பசாமி. அப்போது அவர் கல்யாணமாகாதவர். சிறுநீரகப் பிரிவில் பயிற்சியை முடித்துக்கொண்டிருந்தார்.

"சேச்சே. டிரெய்னேஜ்."

"அக்காகிட்ட ஃபோனக் குடுங்க."

நாகலக்ஷ்மி வாங்கினாள். உங்களுக்கு எந்தப் பக்கம் வேணும் என்று மட்டும் கருப்பசாமி கேட்டார். கிழக்கு என்றாள். "எடுத்துக்கோங்கக்கா. நான் வீட்டுக்கு வாறதே ராத்திரிதான். வாசல் எந்தப் பக்கம் இருந்தா என்ன, கதவு திறந்தாச் சரி."

பில்டர் ஆபீஸ் பெண்மணி பல வருஷமாக இந்தியர்களுக்கு வீடு விற்கிறவர். வாஸ்து என்ற சொல்லைக் கோபாலசாமியைவிட நன்றாக உச்சரிப்பார். மனை வரைபடத்தில் பேனாவால் இந்தப் பக்கம் ஒரு வளைந்த அம்பு, அந்தப் பக்கம் ஒரு வளைந்த அம்பு போட்டார். இருவரும் பக்கத்தில் இனிஷியல் போட்டார்கள். விஷயம் முடிந்தது.

பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற நாள் வந்தது. கருப்பசாமிக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. காபிக் கோப்பையை இடது கையில் வைத்துக்கொண்டு வலது கையால் போட்டுக்கொண்டே போனார். காபி முடிவதற்குள் பத்திரம் முடிந்துவிட்டது. மிச்சம் இருந்த காபியை வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனார்.

கோபாலசாமி காலையில் உட்கார்ந்தவர், சாயங்காலம் எழுந்தார். தன் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்ததைப் பதினோரு இடத்தில் கண்டுபிடித்து, பதினோரு இடத்திலும் திருத்தி, புதிதாக அச்சடித்து வாங்கினார். மனையின் நான்கு எல்லைகளையும், அங்கிருந்து வடக்கே இத்தனை டிகிரி கிழக்காக இத்தனை அடி என்று வருகிற பகுதியை, நாகலக்ஷ்மிக்கு உரக்க வாசித்தே காட்டினார். வக்கீலின் உதவியாளர் தன் பிள்ளையை டேகேரிலிருந்து கூட்டி வர முடியாமல் தங்கையை அனுப்பினார். கோபாலசாமி அதற்காக வருத்தப்பட்டார்; ஆனால் படிப்பதை நிறுத்தவில்லை.

அன்றிலிருந்து கருப்பசாமி காபி குடித்த கதையைக் காலனியில் கேட்காதவர்கள் கிடையாது. கதையின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான். "எவனாவது அவர் வீட்டையே எழுதி வாங்கிட்டுப் போயிருந்தாலும் டாக்டருக்குத் தெரிஞ்சிருக்காது!"

இப்போது கோபாலசாமி அந்த வீட்டை விற்றுக்கொண்டிருந்தார். அனன்யா டெக்ஸாஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறாள். மூன்று வாரத்தில் பிரசவம். அவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்தாகிவிட்டது. இங்கே விற்றால்தான் அங்கே வாங்க முடியும். விற்பனை வெள்ளிக்கிழமை. இட்லிக் குண்டான் உட்பட எல்லாவற்றையும் நாகலக்ஷ்மி கட்டி முடித்துவிட்டாள். பிரசவ லேகியத்துக்கு வேண்டிய சாமான் மட்டும் கைப்பெட்டியில் இருந்தது. லாரிக்காரர்களை நம்பி அதைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

விற்பனைக்கு ஒரு வாரம் இருக்கும்போது வக்கீல் எழிலரசி கூப்பிட்டாள். எடிசனில் வளர்ந்த பெண். கோபாலசாமி தம்பதியின் பத்திர வேலைகளைப் பார்ப்பவள்.

"அங்கிள், உக்காந்திருக்கீங்களா?"

"உக்கார நாற்காலி இல்லம்மா, எல்லாம் பேக் பண்ணியாச்சு. சொல்லு."

"வாங்கறவங்க சைடுல டைட்டில் சர்ச் பண்ணாங்க. அங்கிள், நீங்க விக்கற வீடு உங்களோடது இல்ல."

கோபாலசாமி ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார். நாகலக்ஷ்மி டேப்பும் கையுமாக வந்து நின்றாள்.

"பின்ன யாருது?"

"டாக்டர் கருப்பசாமியோடது."

"அப்ப எனக்கு வீடே இல்லையா?"

"இருக்கு அங்கிள். டாக்டர் குடியிருக்காரே, அது உங்க வீடு."

எழிலரசி பொறுமையாக விளக்கினாள். பத்திரத்தில் கதவு எண் வராது, மனை எண்தான் வரும். பில்டர் ஆபீஸில் போட்ட வளைந்த அம்பு ஒப்பந்தத்துக்குப் போயிருக்கிறது, டைல்ஸ்காரருக்குப் போயிருக்கிறது, சாவிக்குப் போயிருக்கிறது. பத்திரம் டைப் அடித்தவரிடம் மட்டும் போகவில்லை. இரண்டு வீடும் ஒரே மாடல், வரியும் ஏறக்குறைய ஒன்று, அதனால் யாருக்கும் உறைக்கவில்லை. மறுபடி கடன் வாங்கியிருந்தால் தெரிந்திருக்கும். வட்டி இறங்கிய வருஷத்தில் காலனியே ரீஃபைனான்ஸ் செய்தது. கோபாலசாமி செய்யவில்லை, அத்தனையையும் மறுபடி படிக்க வேண்டும். கருப்பசாமியும் செய்யவில்லை, பாங்கிலிருந்து வந்த கவரை அவர் பிரிக்கவே இல்லை.

"ஆனா எழில், அந்தப் பத்திரத்த நான் படிச்சேனேம்மா."

"தெரியும் அங்கிள்" என்றாள் எழிலரசி. அந்தக் கதையை அவளும் கேட்டிருக்கிறாள்.

கோபாலசாமி அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, தன் பத்திரத்தை எடுத்துப் பார்த்தார். லாட் இருபத்திரண்டு, அதாவது டாக்டர் குடியிருக்கும் மனை, என்ற வரிக்கு நேராகப் பென்சிலால் ஒரு டிக் இருந்தது. அவர் போட்டதுதான். நல்ல அழுத்தமான டிக்.

இதற்கு வழி சுலபம் என்றாள் எழிலரசி. இரண்டு பத்திரம் எழுத வேண்டும். இவர்கள் குடியிருக்கும் மனையை டாக்டர் தம்பதி இவர்களுக்குக் கொடுப்பதாக ஒன்று, டாக்டர் குடியிருக்கும் மனையை இவர்கள் அவர்களுக்குக் கொடுப்பதாக ஒன்று. வியாழக்கிழமை நான்கு மணிக்குள் கையெழுத்தானால் அன்றைக்கே கவுன்டி பதிவு ஆபீஸுக்கு ஆன்லைனில் அனுப்பிவிடலாம். நல்லவேளை, இரண்டு பேருமே கடனை முடித்துவிட்டார்கள்.

"வியாழன் தாண்டினா?"

"வாங்கறவங்க வேற வீடு பாத்து வெச்சிருக்காங்க அங்கிள். வெள்ளிக்கிழமைக்கு மேல வெயிட் பண்ண மாட்டேன்னு எழுதியே குடுத்துட்டாங்க."

நாகலக்ஷ்மி கைப்பெட்டியைத் திறந்து லேகியச் சாமான் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினாள். கோபாலசாமிக்கு அதைவிட அவள் திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

அன்று மாலை இருவரும் ஒரு டப்பா மைசூர்பாகோடு பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். கருப்பசாமி பின்பக்கம் சுரைக்காய்ப் பந்தலுக்குக் கீழே நின்று, காய்களை உள்ளங்கையில் தாங்கி எடை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி விஷாகா படிக்கட்டில் உட்கார்ந்து ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபாலசாமி விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னார். பில்டரின் அலட்சியம், டைப் அடித்தவரின் அலட்சியம், கவுன்டி நிர்வாகம் என்று போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க, சுருக்கமாச் சொல்லுங்க" என்றாள் நாகலக்ஷ்மி.

"நீங்க எங்க வீட்டுக்கு ஓனர். நாங்க உங்க வீட்டுக்கு ஓனர்" என்றார் கோபாலசாமி.

கருப்பசாமி காயை விட்டுவிட்டு யோசித்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் மெதுவாகப் பரவியது.

"அப்ப போன பிப்ரவரில உங்க டிரைவ்வேல கெடந்த பனியெல்லாம் அள்ளி எங்க பக்கம் போட்டீங்களே சார்?"

"அது, காத்து அடிச்சதுல..."

"தப்பே இல்ல சார். உங்க எடத்துல நீங்க போட்டிருக்கீங்க. நான்தான் புரியாம சண்டைக்கு வந்துட்டேன்."

"டாக்டர், அத விடுங்க."

"இந்தப் பந்தல் மேல காலனிச் சங்கத்துல கம்ப்ளெய்ன்ட் குடுத்தீங்க."

"நான் பொதுவாத்தான் எழுதினேன். பேர் போடல."

"இது உங்க எடம் சார். உங்க பந்தல். உங்க மேல நீங்களே கம்ப்ளெய்ன்ட் குடுத்திருக்கீங்க, ஃபைன் நான் கட்டியிருக்கேன்."

"காயெல்லாம் நாமதானே சாப்பிட்டோம், விடுங்க" என்றாள் விஷாகா, ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல். "எப்ப வந்து சைன் பண்ணணும் சார்? நான் லஞ்ச் டைம்ல வந்துடறேன்."

"வியாழன் ரெண்டு மணி" என்றாள் நாகலக்ஷ்மி.

"வந்துட்டாப் போச்சு" என்று கருப்பசாமியும் சொன்னார். பிறகு மைசூர்பாகு டப்பாவை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் தயங்கினார். "ஆனா ஒண்ணு சார். நான் படிச்சுட்டுத்தான் போடுவேன்."

அவர் கிண்டல் செய்வது போலத் தெரியவில்லை.

"பத்தொம்பது வருஷமா எம்பேரச் சொல்லிச் சொல்லிக் காட்டறீங்க. நான் சிரிச்சுக்கிட்டுப் போயிருவேன். அன்னிக்கு ஜூம்ல பேசுனீங்கள்ல, அதுல எம் பேஷண்ட் ஒருத்தர் இருந்திருக்காரு. அடுத்த வாரம் க்ளினிக்ல வந்து கேக்கறாரு, 'டாக்டர், எம் பிளட் ரிப்போர்ட்டயாவது படிச்சீங்களா?'ன்னு." கருப்பசாமி டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். "நான் படிச்சிருந்தேன் சார். முழுக்கப் படிச்சிருந்தேன். ஆனா அவரு நம்பல."

கோபாலசாமி ஏதாவது சொல்லியாக வேண்டும். "படிச்சுட்டுப் போடறதுதான் டாக்டர் நல்லது" என்றார். வேறு எதையும் அவரால் சொல்ல முடியாது. சொல்லக்கூடியதையெல்லாம் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தார்.

எழிலரசியின் ஆபீஸ் ஒரு இந்தியன் ஸ்டோருக்கு மேல் மாடியில் இருந்தது. வியாழக்கிழமை கடைக்குக் காய்கறி வருகிற நாளாதலால் அறை முழுக்கக் கொத்தமல்லி வாசம். மேஜையில் இரண்டு கட்டு காகிதம். பத்திரம் நான்கே பக்கம்தான். ஆனால் அதற்கு இணைப்பு, இணைப்புக்கு உறுதிமொழி, அந்த உறுதிமொழியில் சொன்னது உண்மை என்று இன்னொரு உறுதிமொழி. எல்லாப் பக்கத்திலும் மஞ்சள் அம்பு.

விஷாகா வந்தாள், அம்பு காட்டிய இடங்களில் போட்டாள், போய்விட்டாள். அவள் கார் கிளம்பிய சத்தம்தான் அவள் வந்து போனதற்கு அத்தாட்சி. நாகலக்ஷ்மியும் போட்டுவிட்டாள். கருப்பசாமி புதுசாக ஒரு வாசிப்புக் கண்ணாடியும் பச்சை நிற ஹைலைட்டரும் கொண்டுவந்திருந்தார். உட்கார்ந்தார். முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

ஒருவர் பத்திரம் படிப்பதை எதிரே உட்கார்ந்து பார்ப்பது கோபாலசாமிக்கு இதுதான் முதல் தடவை. இதுவரை அவர் இந்தப் பக்கம் உட்கார்ந்ததில்லை. படிக்கிறவரின் உதடு அசைகிறது. நெற்றி சுருங்குகிறது, எதனால் என்று வெளியே தெரிவதில்லை. ஒரு பக்கத்தைத் திருப்புகிறார், பார்க்கிறவருக்கு நம்பிக்கை வருகிறது. உடனே பழைய பக்கத்துக்கே திரும்பிப் போகிறார். கோபாலசாமி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தான் கடிகாரத்தைப் பார்த்ததை யாராவது பார்த்தார்களா என்று பார்த்தார்.

"எழில், இது என்னம்மா, நான் இவுகளுக்கு எழுதிக் குடுக்கறதுல அங்கிருந்து, அங்கிருந்துன்னே வருது? எங்கிருந்து?" என்று கேட்டார் கருப்பசாமி.

"அது எல்லை அங்கிள். ஒரு மூலைலருந்து ஆரம்பிச்சு மனையச் சுத்தி வந்து அதே மூலைல முடியும்."

"சுத்தி வந்துருச்சான்னு எப்பிடித் தெரியும்?"

"சர்வேயர் பாத்திருப்பாரு."

"அவரு படிச்சாரா?"

எழிலரசி கோபாலசாமியைப் பார்த்தாள். கோபாலசாமி மேஜையின் மரத்தைப் பார்த்தார். கருப்பசாமி ஒரு வெள்ளைத் தாளை வாங்கி, டிகிரியையும் அடியையும் வைத்து மனையை வரையத் தொடங்கினார். சிறுநீரகம் போல ஒரு வடிவம் வந்தது. அடித்துவிட்டு மறுபடி வரைந்தார். இரண்டாவது தடவை கோடு ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர்ந்தபோது, ஹைலைட்டரால் அந்தப் பத்தியை முழுக்கப் பச்சையாக்கினார்.

"அங்கிள், ஒரிஜினல்ல கலர் பண்ணக் கூடாது!" எழிலரசி எழுந்தேவிட்டாள். "கவுன்டில ஸ்கேன் ஆகாது. நான் அந்தப் பக்கத்த மறுபடி பிரின்ட் எடுக்கணும்."

"எடும்மா. எடுத்ததும் குடு, படிக்கணும்."

பிரின்டர் சூடாகிக்கொண்டிருந்தபோது கருப்பசாமியின் ஃபோன் அடித்தது. ஆஸ்பத்திரி. எழுந்து ஜன்னலோரம் போய்ப் பேசினார். பேச்சில் அவர் குரல் வேறாக இருந்தது. கேள்விகள் சின்னச் சின்னதாக, பதிலுக்குக் காத்திருந்து அடுத்த கேள்வி. வைத்துவிட்டு வந்து கண்ணாடியைக் கூட்டில் போட்டார்.

"ஒரு டயாலிசிஸ் பேஷண்ட். குழாய் அடச்சிருச்சு. நான் போகணும். மீதிய மண்டே வந்து படிச்சுர்றேன்."

மண்டே என்பது வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வருகிறது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். கருப்பசாமிக்கும் தெரியும். அவருக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் காகிதக் கட்டில் பாதி இன்னும் படிக்கப்படாமல் இருந்தது.

"டாக்டர், மீதிய நான் நேத்தே படிச்சுட்டேன்" என்றார் கோபாலசாமி. "எழில் மெயில்ல அனுப்புன காப்பிய ரெண்டு தடவ படிச்சேன். எல்லாம் சரியா இருக்கு."

"போன தடவையும் நீங்க படிச்சீங்களே சார்."

கருப்பசாமி அதைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஒரு நோயாளியின் பழைய ஸ்கேனைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் சொன்னார். கோபாலசாமி வாயைத் திறந்தார். சொல்ல வேண்டிய வாக்கியம் அவருக்குத் தெரியும். படிக்காமலே போட்டுடுங்க டாக்டர் என்று மூன்று சொல்தான். முதல் சொல்லே வரவில்லை.

"டாக்டர்" என்றாள் நாகலக்ஷ்மி. "அன்னிக்கு ஃபோன்ல நீங்க ஒண்ணே ஒண்ணுதான் கேட்டீங்க. எந்தப் பக்கம் வேணும்னு."

"ஆமாக்கா."

"இப்பவும் கிழக்குதான் வேணும்."

"எதுக்குக்கா, விக்கறதுக்கா?"

"விக்கறதுக்குத்தான்."

கருப்பசாமி சிரித்துவிட்டார். சிரிப்பு முடியும்போது ஃபோன் மறுபடி அடித்தது, எடுக்காமல் அணைத்தார். "அனன்யாக்கு எப்ப டேட்?"

"இன்னும் பதினஞ்சு நாள் சொல்றாங்க. முந்திக்கும்னு எனக்குத் தோணுது."

"மொதப் பிரசவம் லேட்டாத்தான் ஆகும். பயப்படாதீங்க." நின்றபடியே கையை நீட்டினார். "எழில், குடும்மா அந்தப் பேனாவ."

எழிலரசி புதிதாக அச்சான பக்கத்தை, இன்னும் சூடாக இருந்ததை, கட்டில் செருகினாள். கருப்பசாமி அம்பு அம்பாகப் போட்டுக்கொண்டே போனார். காபி இல்லாததால் இந்த முறை இரண்டு கையும் இருந்தது. இடது கையால் தானே பக்கத்தைத் திருப்பிக்கொண்டார். முடித்துப் பேனாவை வைத்துவிட்டு, கதவுப் பக்கம் போனவர் திரும்பினார்.

"சார், இப்ப ரெண்டு வீடும் உங்க பேர்லதான் இருக்கு. நீங்க நிதானமாப் படிச்சுட்டு, ஒண்ணத் திருப்பிக் குடுங்க."

மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் வேகமாக இறங்கியது.

எழிலரசி இரண்டாவது கட்டைக் கோபாலசாமியின் முன்னால் நகர்த்தினாள். பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலும், கூராகச் சீவிய பென்சிலும் வைத்தாள். "உங்களுக்காக நாலு மணி வரைக்கும் வேற அப்பாயின்ட்மென்ட் வெக்கல அங்கிள். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. மெயில்ல வந்ததுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கான்னு செக் பண்ணுவீங்கன்னு தெரியும்." சொல்லிவிட்டுத் தன் லேப்டாப்பைத் திறந்தாள்.

நாகலக்ஷ்மிக்கும் தெரியும். அவள் கைப்பையிலிருந்து ஒரு முறுக்குப் பொட்டலத்தை எடுத்தாள். இப்படிப்பட்ட நாட்களுக்கு அவள் எதையாவது கொண்டுவராமல் இருந்ததில்லை. பிளாஸ்டிக் உறையில் இரட்டை முடிச்சுப் போட்டிருந்தது. நகத்தால் முடிச்சைக் கிளறத் தொடங்கினாள்.

கோபாலசாமி கண்ணாடியை மாட்டினார். பென்சிலை எடுத்தார். முதல் வரியில் தேதி இருந்தது, சரியான தேதி. அதற்குப் பக்கத்தில் ஒரு டிக் போடக் கை போயிற்று.

ஜன்னலுக்குக் கீழே, கடையின் காய்கறி லாரி குறுக்கே நின்றுகொண்டிருந்தது. கருப்பசாமி அதைச் சுற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் தன் காருக்குப் போய்க்கொண்டிருந்தார், ஃபோனில் பேசியபடி. கார் ரிவர்ஸில் வந்தது, லாரிக்காகக் காத்திருந்தது, தெருவில் ஏறிப் போய்விட்டது. அவர் ஒருமுறை கூட மாடி ஜன்னலை அண்ணாந்து பார்க்கவில்லை. தன் வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர் எப்படிப் போவார் என்று கோபாலசாமி நினைத்து வைத்திருந்தாரோ, அப்படி அவர் போகவில்லை. வேலைக்குப் போகிற மாதிரி போனார்.

கோபாலசாமி பென்சிலைத் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். பேனாவை எடுத்தார்.

மஞ்சள் அம்பு காட்டிய இடத்தில் போட்டார். பக்கத்தைத் திருப்பினார். அடுத்த அம்பு. திருப்பினார். எழிலரசி தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு ஏதோ கேட்க வாயெடுத்தாள். பிறகு கேட்காமல் மறுபடி தட்டினாள். அங்கிருந்து, அங்கிருந்து என்று வருகிற பக்கம் வந்தது, போனது. கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. அதை அவர் எதற்கும் பயன்படுத்தவில்லை.

கடைசி அம்புக்கும் போட்டுவிட்டு, கட்டை ஓரங்கள் சமமாகத் தட்டி, எழிலரசியின் பக்கம் நகர்த்தினார்.

நாகலக்ஷ்மி இன்னும் முறுக்குப் பொட்டலத்தின் இரண்டாவது முடிச்சில் இருந்தாள்.